செந்துளுவன் மாப்பிள்ளை

ஜனவரி 3, வெள்ளி

இந்தூர் வந்து சேர்ந்தோம். குளிர். ஓட்டல் முகப்பில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு பனைவகைச் செடி நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் உண்மையான செடி ஒன்று தொட்டியோடு காய்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதற்கு ஊற்றினேன். வரவேற்பில் இருந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் விடுப்புக்குக் காரணம் 'குடும்ப அலுவல்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'தேசிய அழகிப் போட்டிக்குத் துணையாகச் செல்ல' என்று எழுதியிருந்தால் தாவரவியல் துறையில் மட்டுமல்ல, கேன்டீனிலும் அதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

என் தங்கை பகவதியின் மகள் சொர்ணரேகா தமிழ்நாட்டின் சார்பில் கலந்துகொள்கிறாள். கல்லூரி வாலிபால் அணியில் இருந்தவள். உயரத்தைப் பார்த்து யாரோ பெயர் கொடுக்கச் சொல்ல, கொடுத்தாள். சென்னையில் நடந்த மாநிலச் சுற்றில் ஜெயித்தும் விட்டாள். பகவதி அழுதாள். அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து, களக்காட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர், எனக்குப் போன் செய்தார்.

"மதினி, நீங்க கூடப் போறதா இருந்தா பிள்ள போவட்டும். நீங்க போனா ஊர்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

கல்யாணமாகாத, கண்ணாடி போட்ட, ஐம்பதை நெருங்கும் பேராசிரியை. ஒழுக்கத்துக்கு வைக்கும் முத்திரை. எதற்காக அழைக்கப்பட்டேன் என்பதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

அழகிப் போட்டி பற்றிய என் அபிப்பிராயத்தை ரயிலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

"மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாப்பாங்க. இங்க நீயே பல்லக் காட்டணும். வேற வித்தியாசம் கெடையாது."

"மாட்ட இழுத்துட்டுப் போவாங்க பெரிம்மா. நான் நானாப் போறேன்."

பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாக்பூர் வந்துவிட்டது.

ஜனவரி 4, சனி

பெண்களை அளவெடுத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், பிறகு கொண்டையையும் அவிழ்க்கச் சொன்னார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் இதே கண்டிப்புதான். அங்கே சிரிக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரி 6, திங்கள்

மாநிலத்துக்கு ஒரு பெண். தோளிலிருந்து இடுப்புவரை மாநிலத்தின் பெயர் எழுதிய பட்டை. சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது. அதனால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடை சொல்லிக் கொடுக்கும் பெண்மணி கைதட்டிக் கத்துகிறார்: "பீகார், முதுகை நிமிர்த்து! மிசோரம், சிரி! தமிழ்நாடு, இடுப்பை விடு!" தமிழ்நாடு இடுப்பை விடாமல் பந்து எடுக்கப் போவதுபோல நடக்கிறது.

மிசோரம் என்பது சொர்ணாவின் அறைத்தோழி ரின்புயி. சின்ன உருவம், பெரிய சிரிப்பு. நான் மின்கெட்டிலில் வைத்த கஞ்சியை இரண்டு பெண்களும் குடித்தார்கள். ஊறுகாயைப் பார்த்ததும் ரின்புயி தன் பெட்டியிலிருந்து ஒரு மிளகாய்ச் சட்னியை எடுத்து வைத்தாள். நக்கிப் பார்த்த எனக்குக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்களுக்கு நாள் முழுவதும் கொடுப்பது கீரை இலைகளும் வேகவைத்த கோழியும்தான்.

துணைக்கு வந்தவர்களுக்குத் தனித் தளம். எல்லோரும் தாய்மார்கள். "உங்கள் மகள்தானே தமிழ்நாடு?" என்று கேட்கிறார்கள். தங்கை மகள் என்கிறேன். உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்பது அடுத்த கேள்வி. வருடத்துக்கு அறுபது என்று சொன்னேன். பஞ்சாபின் அம்மா சிரிக்கவில்லை.

மாலையில் பகவதி போன்.

"யக்கா, நீச்சல் உடுப்பெல்லாம் உண்டாமே, நெசமா?"

"உண்டு. பதினாறாம் தேதி."

"டிவில காட்டுவாங்களா?"

"போன்ல நேரடியாவே வரும்."

"வள்ளியூர்க்காரவுக திரும்பக் கேட்டு விட்டுருக்காவ. மேடையில இப்பிடி நிக்கதுக்கு முந்தி பிள்ள வீடு வந்து சேந்துட்டா மேற்கொண்டு பேசலாங்காவ."

வள்ளியூர்க்காரர்கள் என்பது சொர்ணாவுக்கு முன்பு பேசிய சம்பந்தம். அவள் சென்னைக்குப் போட்டிக்குப் போனதும் பேச்சை நிறுத்தியவர்கள்.

"அவ வந்த பொறவு பேசு" என்றேன்.

"யக்கா, இதுல கல்யாணம் ஆனவள சேக்க மாட்டாங்களாமே?"

"மாட்டாங்க. கல்யாணச் சடங்கு எதுலயும் உக்காந்திருக்கக் கூடாதுன்னு விதியிலயே போட்டிருக்கு. ஏன் கேக்க?"

"சும்மாதான். சாப்பிட்டியா?"

ஜனவரி 8, புதன்

காய்ந்த செடிக்கு இன்றும் தண்ணீர். துளிர் இல்லை. தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

மதியம் என்னையும் சொர்ணாவையும் இயக்குநர் ரித்திமாவின் அறைக்கு அழைத்தார்கள். ரித்திமாவைப் பார்த்தால் முப்பதுக்கு மேல் சொல்ல முடியாது. பக்கத்தில் சட்ட ஆலோசகர் ஒருவர். பெயர் சொன்னார், மறந்துவிட்டேன். மேஜைமேல் ஒரு படத்தின் அச்சு.

சொர்ணா. அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, மாலை. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி.

"இது நீங்கள்தானா?" என்றார் ஆலோசகர்.

"நான்தான்" என்றாள்.

"சென்னையிலுள்ள எங்கள் மாநில அலுவலகத்துக்கு யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார்கள். 'இந்தப் பெண் கல்யாணமானவள்' என்று ஒரு வரி. எங்கள் விதி உங்களுக்குத் தெரியும்."

சொர்ணா என்னைப் பார்த்தாள். நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். வலது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். முழுதாக வெட்டவில்லை. ஓரத்தில் இலைக்காம்பின் ஒரு துண்டும், தண்டில் ஒரு விரல் அகலமும் தெரிகின்றன. சிவப்பு.

"மாப்பிள்ளை இங்கே இருக்கிறார்" என்று அந்த ஓரத்தைக் காட்டினேன். "பாதியை வெட்டிவிட்டார்கள். இவர் செந்துளுவன் வாழை. காம்பின் சிவப்பைப் பார்த்தாலே தெரியும்."

ரித்திமா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவருக்கும் என் வயதிருக்கும் என்று தெரிந்தது.

"வாழை மரமா?"

"மரம்கூட இல்லை. தாவரவியல்படி பெரிய பூண்டு."

ஆலோசகருக்கு இது உதவவில்லை. "எந்த வடிவிலான திருமணச் சடங்கும் என்று விதியில் இருக்கிறது, மேடம். மணமகன் மனிதனாக இருக்க வேண்டும் என்று இல்லை."

நாளை மறுநாள் விசாரணை. அதுவரை சொர்ணா பயிற்சிக்கு வரலாம், படம் எடுக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் "யாரு அனுப்பியிருப்பா?" என்றேன்.

"யாரோ" என்றாள் சொர்ணா. "பொறாமைக்காரங்க."

இருக்கலாம். இத்தனை பெண்கள், இத்தனை அம்மாக்கள். பஞ்சாபின் அம்மாவிடம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை.

ஜனவரி 11, சனி

சொர்ணாவின் துணிகளைத் தேய்த்தேன். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கு எத்தனை நேரம், அத்தனை நேரமும் அந்தப் படத்தைப் பற்றி யோசித்தேன்.

இரண்டு வருடம் முன்பு வள்ளியூர் சம்பந்தம் பேசியபோது ஜாதகத்தில் தோஷம் என்றார்கள். கட்டுகிறவன் உயிருக்கு ஆகாதாம். பரிகாரம் வாழைக்குக் கல்யாணம் செய்து வைப்பது. தோஷம் வாழையோடு போய்விடும், பிறகு வருகிறவன் பிழைத்துக்கொள்வான். நான் போகவில்லை. சொர்ணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சொல்லும்போது சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

"எங்க அப்பா தோட்டத்துல மாப்பிள்ள பாத்தாரு பெரிம்மா. ரஸ்தாளி வேண்டாம், செந்துளுவன் போடு, பிள்ளைக்குக் குடுக்கது நல்ல சரக்கா இருக்கட்டும்னாரு. ஐயர் வந்து, நாத்தனார் முடிச்சுப் போடணும், வாழையோட அக்கா தங்கச்சி யாரும் உண்டாங்காரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு பொண்டாட்டிய உக்கார வச்சாங்க. அவுகளுக்குச் சேல எடுத்துக் குடுத்தோம். இப்பமும் வழியில பாத்தா 'என்ன மதினி'ங்காவ."

தாலியை வாழையில் வைத்து எடுத்து இவளுக்குக் கட்டினார்கள். பிறகு கழற்றினார்கள், வாழையை வெட்டினார்கள், இவளைப் பச்சையாற்றில் முழுக்காட்டினார்கள்.

"வெட்டச் சொன்னதும் அப்பா அருவாளப் பிடிச்சுக்கிட்டே நிக்காரு. கொல தள்ளுத பருவம், இன்னும் மூணு மாசம் நின்னா தார் வெட்டிரலாமே, அப்பொறம் சாவக் கூடாதான்னு ஐயர்ட்ட கேக்காரு."

"நீ எதுக்குட்டி ஒத்துக்கிட்ட? பிஎஸ்சி படிச்சவதான?"

"அம்ம ஒரு மாசமா சாப்பிடல பெரிம்மா. நான் அர மணி நேரம் உக்காந்தேன். அம்ம அன்னைக்கு ஆறு இட்லி சாப்பிட்டா."

அந்தப் படத்தை எடுத்தது சுடலைமுத்துவின் போனில். ஊரில் யாருக்கும் காட்டக் கூடாது என்று பகவதி அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு, அவர் போனிலிருந்து அழித்துவிட்டாள். இதுவும் சொர்ணா சொன்னதுதான்.

சட்டையில் கைப்பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது. மடித்து வைத்தால் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

விசாரணை. ஆலோசகர் விதியை வாசித்தார். போட்டியாளர் திருமணமானவராகவோ, விவாகரத்தானவராகவோ, கணவரை இழந்தவராகவோ இருக்கக் கூடாது. எந்த வடிவிலான திருமணச் சடங்கிலும் பங்கேற்றிருக்கக் கூடாது.

"வாழையை வெட்டிவிட்டார்கள்" என்றேன். "அப்படியானால் இவள் எந்தப் பிரிவில் வருகிறாள்? கைம்பெண்ணா?"

ஆலோசகர் நிஜமாகவே யோசித்தார். எங்கள் கல்லூரித் தேர்வுக் குழுவில் இவர் நன்றாகப் பொருந்துவார்.

ரித்திமா அவரைக் கையமர்த்தினார். இரண்டு நாளில் அவர் முகம் மாறியிருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம்.

"விதியை விடுங்கள். இது எவ்வளவு பெரிய கதை, தெரிகிறதா? மூடநம்பிக்கையால் மரத்துக்குக் கட்டிவைக்கப்பட்ட கிராமத்துப் பெண், கிரீடத்தை நோக்கி நடக்கிறாள். இறுதிச் சுற்றில் ஐந்து நிமிடப் படம் போடுவோம். மேடையில் ஒரு வாழை வைப்போம். இவள் அழ வேண்டும் என்றுகூட இல்லை, கண் கலங்கினால் போதும். தன் அம்மா தனக்குச் செய்ததைச் சொல்லட்டும். முதல் ஐந்தில் இவள் இடம் உறுதி. விதிவிலக்கு நான் வாங்கித் தருகிறேன்."

"முடியாது என்றால்?"

"விதி இருக்கிறது."

யோசித்துச் சொல்கிறோம் என்றேன். சொர்ணா கைவிரல்களில் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்வாள்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் சொர்ணா என் அறைக்கு வந்தாள்.

"நான் மாட்டேன்னு சொல்லப் போறேன் பெரிம்மா."

"வெளிய அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். எங்க அம்மைய வில்லி ஆக்கி, நான் அழுது, அத நாடே பாக்கணுமா? அம்ம பயந்தாங்கொள்ளி. கெட்டவ இல்ல." கதவைச் சாத்திவிட்டு, "அவதான் அனுப்பியிருக்கா. ஒங்களுக்கும் தெரியும்லா?" என்றாள்.

எனக்கும் தெரியும். பஞ்சாபின் அம்மாமேல் பழியைப் போட்டு மூன்று நாள் ஓட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

"நீ ஜெயிக்கணும்னு வந்தியா, இங்க?"

"ஆமா" என்றாள். வெட்கப்படாமல் சொன்னாள். "ஜெயிக்கணும். கடைசி வர நின்னு தோக்கவாவது செய்யணும். பாதியில எழுப்பி அனுப்பினா வள்ளியூர்க்காரங்க சொன்னது சரின்னு ஆயிரும். அதுக்காக அம்மைய விக்க முடியாது."

அவள் பயிற்சிக்குப் போனதும் பகவதியைக் கூப்பிட்டேன்.

"போட்டோ நீதான் அனுப்புனியா?"

மறுக்கவில்லை. "அவுக அப்பாவ மீறி வேண்டாம்னு சொல்ல என்னால முடியலக்கா. மண்டில எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டாரு மனுசன். வேற என்ன செய்யச் சொல்லுத? பதினாறாந்தேதிக்கு முந்தி வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு பாத்தேன்."

"வாழைக்குக் கெட்டிவச்சதும் கல்யாணம் நடக்கணும்னு. அந்தக் கல்யாணத்த வச்சே இப்பம் அவளக் கீழ இழுத்துப் போட்டிருக்க. யோசிச்சியாட்டி?"

"நீ சொல்லுவ. ஒனக்கு ஒன்னும் இல்ல." அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒன் ஜாதகத்துலயும் இதே தோசந்தான. அப்பா கையப் பிடிச்சுக் கெஞ்சுனாரு, ஒரு மணி நேரம் உக்காருமான்னு. நீ முடியாதுன்னுட்ட. மாப்பிள்ள வீட்டுக்காரன் போனான். வந்தவன் எல்லாம் போனான். நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன் அந்த வீட்டுல. எம்பிள்ளையும் ஒன்ன மாதிரி ஆயிரக் கூடாதுல்லாக்கா."

வைத்துவிட்டேன்.

பிறகு துணி துவைத்தேன். சொர்ணாவின் காலுறைகள், என் இரண்டு ரவிக்கைகள். வெயில் நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்தன.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சமையலறையில் கேட்டு வாங்கிய வெல்லத்தைக் கஞ்சியில் போட்டுக் கொடுத்தேன். ரின்புயி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

பத்து மணிக்கு ரித்திமாவின் அறை. சொர்ணா அவளே சொன்னாள், ஆங்கிலத்தில், நின்றபடி: "என் வீட்டுக் கதையை நான் விற்கப் போவதில்லை."

"அப்படியானால் மன்னிக்கவும்" என்றார் ரித்திமா.

"மன்னிப்பு வேண்டாம்" என்றேன். "எழுத்தில் கொடுங்கள். உங்கள் முத்திரைத் தாளில். 'தமிழ்நாட்டுப் போட்டியாளர் ஒரு வாழையை மணந்திருப்பதால் நீக்கப்படுகிறார்.' கீழே உங்கள் இருவர் கையெழுத்து. அதை வாங்கிக்கொண்டு உடனே புறப்படுகிறோம்."

ஆலோசகர் பேனாவைத் திறந்தார். ரித்திமா அவர் கையைப் பிடித்தார்.

"வேறு காரணம் எழுதலாமே. உடல்நலக் குறைவு."

"இவளுக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள்தான் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறீர்களே. காரணம் வாழை. வாழை என்றே எழுதுங்கள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள், என்ன கேட்டாலும் இந்தத் தாளை மட்டும் காட்டுவோம். நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

நான் குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருடத்தில் வகுப்பில் உயர்த்தியதில்லை, தேவைப்பட்டதில்லை.

சாயங்காலம்வரை தாள் வரவில்லை. ஆறு மணிக்கு நாளைய பயிற்சி அட்டவணை வந்தது. தமிழ்நாட்டின் பெயர் இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

நீச்சல் உடைச் சுற்று. அவள் நடந்தாள், நான் பார்த்தேன். வாலிபால் ஆடும் அரைக்கால் சட்டையில் இவளைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பகவதியும் பார்த்து, கைதட்டியிருக்கிறாள். அதே கால்கள்தான்.

இந்தச் சுற்றைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. சந்தை சந்தைதான். ஆனால் அவள் நடந்துபோய் நின்ற விதத்தில் விற்பனைக்கு வந்த பொருளின் பணிவு இல்லை. சர்வீஸ் போடப் போகிறவள்போல நின்றாள்.

ரின்புயி வெளியேறினாள். பாதிப் பெண்கள் வெளியேறினார்கள். தோளிலிருந்து பட்டையை வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். பட்டை இல்லாமல் பஞ்சாபை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அம்மாவைப் பற்றி இதில் எழுதியதையெல்லாம் மனதுக்குள் அடித்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

இறுதிச் சுற்று முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நேற்றைய சுற்றும் போக மிஞ்சிய எட்டுப் பேர் மேடையில். ஆளுக்கு ஒரு கேள்வி. தாய்மொழியிலும் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் உண்டு என்பது இந்தப் போட்டியின் பெருமைகளில் ஒன்று. மற்றவர்களுக்கு வறுமை, சுற்றுச்சூழல், பெண்கல்வி என்று கேள்விகள். சொர்ணாவின் முறை வந்ததும் தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழ்நாடு, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மரத்தோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். இது உண்மையா? இந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட மூடத்தனத்துக்கு ஒரு படித்த பெண் எப்படி உடன்பட்டார்?"

அரங்கம் சிரித்தது. நடுவர்கள் பக்கத்தில் ரித்திமா உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சொர்ணா ஒலிவாங்கியை வாங்கினாள். "தமிழில் சொல்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

அவள் ஆங்கிலம் என்று பதிந்திருந்ததால் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கவில்லை. மேடை ஓரத்தில் ஓடினார்கள், திரும்பினார்கள். பிறகு ஒரு பெண் துணைக்கு வந்தவர்கள் வரிசைக்கு வந்து என் கையில் ஒலிவாங்கியைத் திணித்து, என்னை எழுப்பி, படியேற்றி விட்டாள். நான் சாம்பல் நிறப் பருத்திச் சேலை கட்டியிருந்தேன். காலில் கித்தான் செருப்பு. வெளிச்சத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை.

சொர்ணா என்னைப் பார்த்துச் சொன்னாள். கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவள் என்னோடு பேசவில்லை என்று எனக்குத் தெரிந்தது. களக்காட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளோடு பேசினாள்.

"ஆமா, நடந்துச்சு. எங்க அம்மைக்கு ஒரு பயம். நான் அர மணி நேரம் உக்காந்தா அது போயிரும்னா உக்காந்துட்டுப் போறேன்னு உக்காந்தேன். எனக்கு அதுல நம்பிக்க கெடையாது. அவளுக்கு உண்டு. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல."

மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கியது. என் குரல்தான்.

"இங்கயும் ரெண்டு வாரமா ஒரு சடங்குலதான் நிக்கேன். கழத்துன்னா கழத்துனேன், சிரின்னா சிரிச்சேன். எனக்குப் பிடிச்சுதான் வந்தேன், கொற சொல்லல. ஆனா அந்தச் சடங்குல மாப்பிள்ளைய வெட்டுனாங்க. இதுல ஒவ்வொரு ரவுண்டுலயும் பொண்ணுகள வெட்டுதீங்க. எது மூடத்தனம்னு நீங்களே சொல்லுங்க."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இம்முறை குரல் நடுங்கவில்லை. சிரிப்பு நின்றுபோயிருந்தது. அதோடு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பெண் கையைக்கூட நீட்டிவிட்டாள்.

நான் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினேன். அது சொர்ணா சொன்னது இல்லை.

பிறகு கைதட்டல். எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியாது. மேடைக்குப் பின்னால், பட்டை இல்லாத பெண்கள் நின்ற இடத்திலிருந்து என்று நினைக்கிறேன்.

முதல் ஐந்தில் சொர்ணாவின் பெயர் இல்லை. கிரீடம் ராஜஸ்தானுக்கு. சொர்ணா கடைசிவரை மேடையில் நின்று, ராஜஸ்தானைக் கட்டிப்பிடித்து, பிறகுதான் இறங்கினாள். "பட்டைய நானே கழத்திக் குடுத்தேன் பெரிம்மா, அவங்க கேக்கதுக்கு முந்தி" என்றாள். தோற்றவள் முகம்தான். அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

ரயில். சொர்ணா மேல்படுக்கையில் தூங்குகிறாள், கால் வெளியே நீண்டுகொண்டிருக்கிறது.

இட்டார்சி தாண்டியதும் பகவதி கூப்பிட்டாள்.

"பிள்ள பேசுனது பூரா கேட்டேன்."

"ம்."

"கோவம் இல்லன்னாளே, நெசமாவா, மேடைக்காகச் சொன்னாளா?"

"நெசமாத்தான். வந்ததும் நீ அவகிட்ட பேசு."

"பேசுதேன்." மூக்கை உறிஞ்சினாள். "கடைசியா நீயா இங்கிலீஷ்ல என்னமோ சொன்னியேக்கா. எல்லாரும் கைதட்டுனாங்களே. இவுகளுக்கும் புரியல. என்ன சொன்ன?"

தமிழில் சொல்வது கஷ்டமாக இருந்தது. தெரியாதவர்கள் ஆயிரம் பேரிடம் சொன்னதை ஒரு தங்கையிடம் சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"எனக்கும் இதே ஜாதகம். நான் அந்த வாழைகிட்ட உக்கார மாட்டேன்னுட்டேன். கல்யாணம் நடக்கல. படிச்சேன், படிப்பிச்சேன், சொந்தச் சம்பாத்தியத்துல வீடு கெட்டுனேன். என்ன மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான் எங்க வீட்டுப் பிள்ளைய வாழைக்குப் பக்கத்துல உக்கார வைக்காங்க. இவங்க பயப்படுத பொம்பள நான்தான். நல்லாப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன்."

ரயில் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அவள் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"வள்ளியூர்க்காரி காலைல போன் பண்ணுனா" என்றாள் பகவதி. குரல் வேறு மாதிரி இருந்தது. "சம்பந்தம் வேண்டாங்கா. அதச் சொல்லிட்டு வைக்க வேண்டியதான? 'கல்யாணம் ஆவாத பெரியம்மாக்காரிய மேடையில பாத்தோமே, பிள்ள வளந்த லட்சணம் அதுலயே தெரியுது'ங்கா. விட்டேன் பாரு."

"என்ன சொன்ன?"

பகவதி சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. களக்காட்டு மண்டியில் லாரி பின்வாங்கும்போது வழியில் நிற்கிறவனைப் பார்த்துச் சொல்லும் வார்த்தைகள். என் தங்கைக்கு அவை தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சரியாக் கேக்கலட்டி, இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.